கழுத்து திரும்பவில்லையா? தோளைப் பாருங்கள்!



இந்த மாதம் உடல்நலப் பாடம். வழக்கம்போல, கூட்டத்தில் சேமிப்பும் கடன் வசூலும் முடிந்து நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் எல்லோரும் செய்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு தலையணையும் ஒரு சாக்பீஸ் துண்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் எங்கள் குழுவில் ஒரு அக்கா உள்கடன் கேட்டார்கள். மூவாயிரம் ரூபாய். எதற்கு என்று கேட்டோம். "கழுத்துக்குத்தான்" என்றார்கள். அவர்கள் மாமல்லபுரம் பக்கத்தில் கடலோரக் குப்பத்தில் இருப்பவர்கள். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் மீனை நிரப்பி, சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர்கள். இருபது வருசத்துக்கு மேலாக இதுதான் பிழைப்பு. கொஞ்ச நாளாக வலது பக்கம் கழுத்து திரும்பவே இல்லை. "வலியக் கூடப் பொறுத்துக்குவேன். கிழக்குக் கடற்கரை ரோட்டத் தாண்டும்போதுதான் பயமா இருக்குது. வண்டி வருதான்னு பாக்கணும்னா உடம்போட சேந்து திரும்ப வேண்டியிருக்கு. தலைல கூடை வேற" என்று சொன்னார்கள். அந்த ரோட்டில் வண்டிகள் வருகிற வேகம் நம் எல்லோருக்கும் தெரியும். கேட்டவுடன் எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதற்கு முன்பே அவர்கள் நிறையச் செலவு செய்துவிட்டார்கள். பக்கத்துத் தெரு ஆயாவிடம் சுளுக்கு வழித்தாயிற்று. மூன்று விதமான எண்ணெய், இரண்டு ஊசி. கடைசியாக ஒருவரிடம் போயிருக்கிறார்கள். அவர் தலையைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டித் திருப்பி "கடக்" என்று சத்தம் வரவைத்தாராம். இரண்டு நாள் நன்றாக இருந்ததாம். மூன்றாம் நாள் பழைய வலியோடு தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

துணைக்கு ஆள் வேண்டும் என்று நானும் அரசு மருத்துவமனைக்குக் கூடப் போனேன். முதலில் மருத்துவர் பார்த்துவிட்டு, தலைசுற்றல் பற்றியெல்லாம் விசாரித்து, எலும்பிலும் நரம்பிலும் பெரிய கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு பிசியோதெரபி பகுதிக்கு அனுப்பினார். நம் பக்கம் அரசுப் பலகைகளில் இதை இயன்முறை சிகிச்சை என்று எழுதியிருப்பார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோள்பட்டையில் ஒரு கையும் அக்குளுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, பட்டையை மேலும் கீழும் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் ஆயிற்று. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"வலி கழுத்துல இருக்குது, நீ தோள்லயே கைய வெச்சிட்டு இருக்கியேம்மா?"

"இருங்கம்மா, முடிஞ்சதும் சொல்றேன்."

முடிந்த பிறகு எழுந்து உட்கார்ந்து திரும்பச் சொன்னது. அக்கா திரும்பினார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டார்கள்! வந்தபோது ஜன்னல் கம்பி வரைக்கும்கூட முகம் வரவில்லை. கழுத்தில் கை வைக்காமலே கழுத்து எப்படித் திரும்பியது? அன்று அந்தப் பெண் எங்களுக்குச் சொன்னதையும், பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கழுத்தும் தோளும் ஒரே கயிற்றில்

உங்கள் முதுகின் மேல்பகுதியில் இரண்டு பக்கமும் றெக்கை மாதிரி முக்கோண எலும்பு இருக்கிறது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினால் தட்டுப்படும். இதுதான் தோள்பட்டை எலும்பு. இந்த எலும்பு விலாக்கூட்டில் எங்கேயும் மூட்டுப் போட்டு மாட்டவில்லை. முன்பக்கம் காறை எலும்போடு ஒரே ஒரு இடத்தில் சின்ன இணைப்பு, அவ்வளவுதான். மற்றபடி சதைகள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் அது நிற்கிறது. படகு நங்கூரக் கயிற்றில் மிதக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்படி இழுத்துப் பிடிக்கும் சதைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று டிரபீசியஸ். பின்மண்டை எலும்பில் தொடங்கி, கழுத்தின் பின்பக்கம் இறங்கி, தோள் நுனி வரை விரிந்து, நடுமுதுகு வரை போகிற பெரிய சதை. குழந்தை அழுதால் தோளில் சாய்த்துக்கொள்கிறோமே, குழந்தையின் கன்னம் படுகிற இடம் இதுதான். இன்னொன்று உள்ளே ஒளிந்திருக்கும் லெவேட்டர் ஸ்கேப்புலே. பெயர் பெரிதாக இருந்தாலும் ஒல்லியான சதை. கழுத்தில் மொத்தம் ஏழு எலும்பு. அதில் மேலே உள்ள நாலு எலும்பிலிருந்து இறங்கி, தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல் மூலையில் போய்க் கட்டியிருக்கிறது. தலையை இடது வலதாகத் திருப்புகிற வேலையில் ஏறக்குறையப் பாதி, முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவில் நடக்கிறது. இந்தக் கயிற்றின் மேல் நுனி கட்டியிருப்பதும் அங்கேயேதான். கீழ் நுனி இறுகினால் மேல் நுனி எப்படிச் சும்மா இருக்கும்?

வீட்டில் துணிக்கொடி கட்டியிருப்போம். ஈரப் புடவை நாலைந்தைப் போட்டால் கொடிக் கம்பம் சாய்கிறது. சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்து என்ன பயன்? முதலில் ஈரத் துணியை எடுக்க வேண்டும். கழுத்துதான் கம்பம். ஈரப் புடவை நம் கைகள். ஒரு கையின் எடை நம் உடம்பு எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு. ஐம்பது கிலோ பெண்மணிக்கு ஒவ்வொரு கையும் சுமார் இரண்டரைக் கிலோ. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிற வரை இரண்டு பக்கமும் இந்த எடை தொங்குகிறது. அதன் மேல்தான் குடம், பை, பிள்ளை எல்லாம்.

நம் பெண்கள் செய்கிற வேலையைப் பாருங்கள். மீன் விற்பவர் கூடையைச் சாயாமல் பிடிக்க ஒரு கையை எப்போதும் மேலே தூக்கியே வைத்திருக்கிறார். சித்தாள் வேலைக்குப் போகிறவர் ஒரு நாளில் எத்தனை சட்டி கலவை ஏற்றுகிறார் என்று எண்ணியது யார்? நடவும் களையும் குனிந்த தலையோடு நடக்கிற வேலை. தையல் மெஷினில் உட்காருபவரும் அப்படித்தான். இது நேற்று வந்ததும் இல்லை. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்துக்கு அடுத்த முறை போனால் நன்றாகப் பாருங்கள். ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தைய பல்லவர் காலச் சிற்பத்தில், பசுவுக்குப் பால் கறக்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் தலையில் சுமையோடு நிற்கிறாள். சுற்றுலா வருகிறவர்கள் பசுவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் கழுத்து மேல்தான் கண் போனது.

கூட்டத்தில் செய்து பார்ப்போம்

இப்போது தலையணையை எடுங்கள். அண்மையில் கீழே விழுந்தவர்கள், தலைசுற்றல் இருப்பவர்கள், கை மரத்துப் போகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம், மற்றவர்கள் செய்வதைப் பாருங்கள்.

ஒருவர் சுவரைப் பார்த்து நேராக நாற்காலியில் உட்காரட்டும். நாற்காலி இல்லையென்றால் திண்ணை. கைகள் இரண்டையும் பக்கவாட்டில் தொங்க விடுங்கள். உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் வலது பக்கம், வலி எடுக்கிற வரைக்கும், மெதுவாகத் திருப்புங்கள். மூக்கு சுவரில் எந்த இடத்துக்கு நேராக நிற்கிறதோ அங்கே இன்னொருவர் சாக்பீஸால் ஒரு கோடு போடட்டும். இடது பக்கமும் அப்படியே. நல்ல கழுத்தாக இருந்தால் தாடை கிட்டத்தட்ட தோளுக்கு மேலே போய்விடும். வயது ஏற ஏறக் கொஞ்சம் குறையும், அது இயற்கை.

பிறகு மடியில் இரண்டு தலையணையை வைத்து, முழங்கையிலிருந்து விரல் வரை இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள். தோள் ஒரு விரற்கடை மேலே ஏறி நிற்க வேண்டும். ஏறவில்லை என்றால், பின்னால் நிற்கும் ஒருவர் இரண்டு முழங்கையையும் அடியில் ஏந்தி லேசாக மேலே தூக்கிப் பிடிக்கட்டும். உட்கார்ந்திருப்பவர் தோளை விறைக்காமல் தளர்த்தியே விட வேண்டும். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம்! "விடுங்க அக்கா, நான் பிடிச்சிருக்கேன்ல" என்று நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கும். இப்போது மறுபடி தலையைத் திருப்பச் சொல்லிக் கோடு போடுங்கள்.

எங்கள் கூட்டத்தில் செய்தபோது பலருக்கு இரண்டாவது கோடு தள்ளிப் போனது. சிலருக்குத் தூரம் அதே, ஆனால் வலி குறைவு. இரண்டு பேருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இது நாங்கள் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட ஆய்வில், கழுத்து வலி உள்ளவர்களின் தோள்பட்டைகளைத் தாங்கித் தூக்கிப் பிடித்துவிட்டுக் கழுத்தைத் திருப்பச் சொன்னார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த நொடியிலேயே வலி குறைந்தது.

கோடு தள்ளிப் போனால், உங்கள் கழுத்தைப் பிடித்து நிறுத்துவதில் தோளுக்குப் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். தள்ளிப் போகவில்லை என்றால் காரணம் கழுத்து மூட்டிலேயே இருக்கலாம், வேறு எதிலாவதும் இருக்கலாம். அதை நாம் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. இது நோயைக் கண்டுபிடிக்கிற பரிசோதனை இல்லை, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்கிற ஒரு குறிப்பு மட்டும்தான்.

கை வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

அந்தப் பெண் செய்தது உருவி விடுகிற வேலை மாதிரி வெளியே தெரிந்தாலும் அதில் ஒரு முறை இருந்தது. முதலில் தோள்பட்டை எலும்பை விலாவின் மேல் மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்த்தியது. பிறகு பட்டையின் உள்பக்க மேல் மூலையில், அந்த ஒல்லிச் சதை கட்டியிருக்கிற இடத்தில், கட்டைவிரலால் ஒரு நிமிடம் போல ஒரே அழுத்தமாக அழுத்திப் பிடித்தது. நாம் கூட "இங்கதான், இங்கதான்" என்று காட்டுவோமே, அதே இடம். அப்புறம் கை மூட்டைப் பிடித்து மெல்ல இழுத்து அசைத்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் "வலிக்குதாம்மா? பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிற வலி கொடுத்தால்தான் சிகிச்சை என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. அதிகம் வலித்தால் சதை இன்னும் இறுகிவிடும்.

உள்ளே முடிச்சு இருந்தது, அது கரைந்துவிட்டது என்று நம்மில் பலர் சொல்வோம். உண்மையில் பெரும்பாலும் நடப்பது வேறு. வலி இருக்கிற இடத்தை உடம்பு காவல் காக்கிறது. அசைக்காதே என்று மூளையும் நரம்பும் சேர்ந்து சதையை விறைப்பாக வைத்திருக்கின்றன. பழகிய கை ஒன்று வலிக்காமல் அந்த இடத்தை அசைத்துக் காட்டும்போது, ஆபத்து இல்லை என்று நரம்புக்குத் தெரிகிறது. காவல் தளர்கிறது. சதை விடுகிறது, கழுத்து திரும்புகிறது.

ஆனால் காவல் தளர்ந்தது அன்றைக்கு மட்டும்தான். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கை சிகிச்சையால் கிடைக்கிற அசைவு பெரும்பாலும் கொஞ்ச நேரமோ ஒரு சில நாளோதான் நிற்கும். அக்காவுக்கு மறுநாள் சாயந்திரமே பாதி போய்விட்டது. "காசு கொடுக்காம வந்ததாலே இப்படியோ" என்று வருத்தப்பட்டார்கள்! காசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பல நாட்டு ஆய்வுகளும் கை சிகிச்சை மட்டும் செய்வதைவிட அதோடு உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் தங்குகிறது என்றே சொல்கின்றன. கை திறந்து விடுகிற கதவைப் பயிற்சிதான் திறந்தபடி பிடித்து வைக்கிறது. இதைச் சொல்லாமல், வாரம் இரண்டு முறை வந்து படுங்கள் என்று மட்டும் சொல்கிறவரிடம் உள்கடன் வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

தபசுப் பாறைப் பூனை

அந்தப் பெண் எழுதிக் கொடுத்த பயிற்சிகள் ஐந்தும் வீட்டில் செய்யக் கூடியவை. எங்கள் குழுவில் கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் செய்கிறோம். முதலில் சிரிப்பாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

தோளை முன்னிருந்து பின்னாக வட்டமாகப் பத்துச் சுற்று சுற்றுவது முதல் பயிற்சி. அடுத்தது, இரண்டு றெக்கை எலும்புக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பிடிப்பது போலத் தோள்களைப் பின்னுக்கு இழுத்து, ஐந்து எண்ணும் வரை வைத்து விடுவது. பத்துத் தடவை. தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. ஏறினால் இறுகிய சதையே மறுபடி வேலை செய்கிறது.

மூன்றாவதற்கு நாங்கள் வைத்த பெயர் பூனை. மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவசியைப் பார்த்து ஒரு பூனையும் இரண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். சுவருக்கு முகம் காட்டி நின்று, முன்கைகளைச் சுவரில் ஒட்டி வைத்து, மெதுவாக மேலே வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பூனை மாதிரி கையைத் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். பத்துத் தடவை. கை முழுக்க ஏறாவிட்டால் ஏறுகிற வரைக்கும் போதும்.

நாலாவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒவ்வொரு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்குவது. டென்மார்க் நாட்டில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வருகிற அலுவலக ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2011ல் வெளியிட்டார்கள். ரப்பர் கயிற்றை இப்படிப் பக்கவாட்டில் இழுத்துத் தூக்கும் பயிற்சியைத் தினமும் வெறும் இரண்டு நிமிடம், பத்து வாரம் செய்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. நமக்கு ரப்பர் கயிறு வேண்டாம், பாட்டில் போதும். தலையில் பாரம் தூக்குகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு, தினமும் உழைப்புதானே என்று கேட்பீர்கள். உழைப்பில் சில சதை மட்டும் ஓயாமல் மாட்டிக்கொள்கிறது. மற்றவை தூங்குகின்றன. பயிற்சி தூங்குகிறதை எழுப்புகிறது.

ஐந்தாவது, அந்த ஒல்லிச் சதையை நீட்டுவது. வலது பக்கம் பிடிப்பு என்றால், வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்காருங்கள். முகத்தை இடது பக்கம் பாதி திருப்பி, இடது அக்குளை மோந்து பார்ப்பது போலக் குனியுங்கள். வலது பட்டை மூலையில் இதமான இழுப்புத் தெரியும். இருபது எண்ணுங்கள். மூன்று தடவை போதும். கையால் தலையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பயிற்சியின்போது வலி கையில் இறங்கினாலோ, மரத்துப் போனாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

"கடக்" சத்தம் வேண்டவே வேண்டாம்

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். கழுத்து எலும்புகளின் பக்கவாட்டில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. அதன் வழியாக இரண்டு ரத்தக் குழாய்கள் மூளையின் பின்பகுதிக்கு ஏறுகின்றன. தலையை ஒரே வெட்டாகத் திருப்பும்போது அந்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். எப்போதாவது அபூர்வமாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் திரும்பி வர முடியாத இழப்பு. முடி வெட்டும் கடையில் ஆண்கள் சொகுசுக்குச் செய்துகொள்கிறார்களே, அதுவும் இதே ஆபத்துதான். வீட்டுக்காரரிடமும் மகனிடமும் சொல்லி வையுங்கள். அந்த "கடக்" எலும்பு சரியாக உட்காருகிற சத்தம் இல்லை, விரலில் சொடக்கு எடுக்கும்போது வருகிற மாதிரி மூட்டுக்குள் காற்றுக் குமிழியால் வருகிற சத்தம்.

இன்னும் சில அறிகுறிகள் வந்தால் எண்ணெயும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், நேராக மருத்துவமனைதான். கையில் பலம் குறைந்து பாத்திரம் நழுவுவது. நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. விழுந்து அடிபட்ட பிறகு வருகிற வலி. ராத்திரி படுத்தாலும் குறையாமல், உடம்பும் இளைத்துக்கொண்டே போவது. திடீரென்று முன் எப்போதும் இல்லாத கழுத்து வலியோடு பேச்சுக் குழறுவது அல்லது இரட்டையாகத் தெரிவது. இடது தோள், தாடை, நெஞ்சு என்று வலி பரவி வியர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம். 108க்குப் போன் செய்யுங்கள். "வாயுப்பிடிப்பு, இஞ்சி கஷாயம் குடி" என்று நேரத்தைப் போக்காதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு வராது என்று இன்னும் நம்புகிற வீடுகள் இருக்கின்றன.

சர்க்கரை நோய் உள்ள சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் தோள் மூட்டே இறுகிப்போய்க் கை தூக்க முடியாமல் போகும். மருத்துவர்கள் இதை உறைந்த தோள் என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாது, பின்னல் போடக் கை பின்னால் போகாது. கை ஏறாததால் தோள்பட்டையைக் காதுவரை தூக்கித் தூக்கி வேலை செய்வோம், உடனே கழுத்தும் பிடித்துக்கொள்ளும். இதில் கழுத்துக்கு எத்தனை எண்ணெய் போட்டாலும் பயன் இல்லை. சர்க்கரையைப் பரிசோதித்துக் கட்டுப்படுத்த வேண்டும், தோளுக்குச் சிகிச்சை எடுக்க வேண்டும். பூனைப் பயிற்சியில் ஒரு கை மட்டும் பாதியில் நின்றால் இதைச் சந்தேகப்படுங்கள். குணமாக மாதக் கணக்கில், சிலருக்கு ஒன்றிரண்டு வருசம்கூட ஆகும். பயப்படாமல் விடாமல் செய்ய வேண்டும்.

எங்கே போவது? நம் பகுதியில் 1965ல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காட்டாங்கொளத்தூரில் பிசியோதெரபிக் கல்லூரியே இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், மத்திய அரசின் தொழுநோய் நிறுவனம் 1955லிருந்து இருக்கிறது. மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையாலும் பயிற்சியாலும் மறுபடி வேலை செய்ய வைக்கிற இடம். ஆக, இயன்முறை நம் ஊருக்குப் புதிது இல்லை, நாம்தான் வாசல் தாண்டவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கத் தேர்ந்தெடுத்தது நம் குழுப் பெண்களைத்தான். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தனியாரிடம் போவதாக இருந்தால், பி.பி.டி. படித்தவர்தானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெண் சிகிச்சையாளர் வேண்டும் என்று கேட்பதும் தப்பு இல்லை.

கூடையைக் குறைக்காமல் கழுத்து வருமா?

வராது. அக்காவுக்குச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதற்கு நாங்கள் பட்ட பாடு! "பாதிக் கூடை தூக்கினா பாதிக் காசுதானே வரும்" என்றார்கள். நியாயமான கேள்வி. கடைசியில் அதே கரையில் ஏலம் எடுக்கும் மூன்று பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தெருவுக்குள் மட்டும்தான் தலைச்சுமை, அதுவும் அரைக் கூடை. ஆட்டோ வாடகை போக வருமானம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதத்தில் ஏழெட்டு நாள் வலியால் படுத்துக்கிடந்தது நின்றது.

நாமும் சின்னச் சின்னதாக மாற்றலாம். கூடையை ஒருத்தியாகத் தலைக்கு ஏற்றாமல் கைகொடுத்து ஏற்றி இறக்குங்கள். ஏற்றும்போது வெட்டுகிற வெட்டில்தான் பாதிக் கேடு. குடத்தை ஒரே இடுப்பில் வைக்காமல் நடைக்கு நடை பக்கம் மாற்றுங்கள். பை மாட்டுகிற தோளையும் அப்படியே. தையல் வேலை செய்கிறவர்கள் முழங்கைக்குக் கீழே பலகையோ மடித்த போர்வையோ வைத்துப் பாருங்கள். தலையணைப் பரிசோதனையில் கோடு எவ்வளவு தள்ளிப் போனது என்று ஞாபகம் இருக்கட்டும்.

ஒத்தடம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. தவிடோ உப்போ வறுத்துத் துணியில் கட்டி, பொறுக்கும் சூட்டில் தோளுக்குக் கொடுங்கள். வலி தளரும், அதன் பிறகு பயிற்சி செய்தால் சுலபம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு தெரியாமல் போகலாம், வேறொருவர் கையில் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கட்டும். ஆயா எண்ணெய் தேய்த்து நீவி விடுவதும் நல்லதுதான், மெதுவாக, தோளோடு நின்றால். கழுத்தை முறுக்க வேண்டாம் என்று ஆயாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். தலையணை ரொம்ப உயரமும் வேண்டாம், ஒன்றுமே இல்லாமலும் வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் நிரம்புகிற உயரம் சரி.

அக்கா வாங்கிய மூவாயிரத்தில் மிச்சத்தை அடுத்த மாதமே கட்டிவிட்டார்கள். கழுத்து முழுதாக வந்துவிட்டதா என்றால் இல்லை. இடது பக்கம் அளவுக்கு வலது பக்கம் இன்னும் போகவில்லை. ரோட்டைப் பார்க்கிற அளவுக்குப் போகிறது.

சுவரில் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். நாலு வாரம் பயிற்சி செய்த பிறகு, அதே நாற்காலியை அதே இடத்தில் போட்டு மறுபடி ஒரு கோடு போடுங்கள். கோடு நகராதவர்களின் பெயரை ஊக்குநர் குறித்துக்கொண்டு, அந்த வாரமே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மருத்துவமனைக்குப் போய் வாருங்கள்.